கெலிஓயாவில் ஒரு படகு நிற்கிறது

கண்டிக்குப் போகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள், ஏரி பார்ப்பார்கள், கொடுத்து வைத்தவர்கள் யானை பார்ப்பார்கள். நான் போனது வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்க்க. பம்பருக்குக் கீழே குனிந்து, இழுவைக் கொக்கியைச் சேசிஸில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறானா, இல்லை வெறும் தகட்டில் வெல்டு வைத்து ஏமாற்றியிருக்கிறானா என்று பார்ப்பதற்காகவே ஒருத்தி பாஸ்போர்ட் எடுத்து விமானம் ஏறினாள் என்றால், அது அநேகமாக நானாகத்தான் இருக்கும்.

படகு இழுப்பது எங்கள் தொழில். பாம்பனில் காற்று மாறும்போது வடகடலில் தொழில் செய்யும் வள்ளங்கள் தென்கடலுக்குப் போக வேண்டும், பிறகு திரும்பி வர வேண்டும். கடல்வழியாகச் சுற்ற விரும்பாதவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். டிரெயிலரில் ஏற்றி, ஜீப்பில் கட்டி, தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோய் விடுவோம். முன்பு என் வீட்டுக்காரர் ஓட்டினார். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்ட பிறகு நான்தான் ஓட்டுகிறேன். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் என் வள்ளமா என்று முகம் சுளித்தவர்கள் எல்லாம் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். அது வேறு கதை.

என் அக்கா சரசு கண்டிக்குப் பக்கத்தில், கெலிஓயாவில் இருக்கிறாள். நாங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். அப்பாவும் அம்மாவும் சின்னப் பிள்ளையான என்னைக் கூட்டிக்கொண்டு இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறியபோது, அக்காவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அத்தான் குடும்பத்துக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது, எங்களுக்கு இந்தியாவுடையது. மண்டபம் முகாமிலிருந்து மற்றவர்களை நீலகிரிக்கும் எங்கெங்கோ மில்லுக்கும் அனுப்பினார்கள். அம்மா மட்டும் அசைய மாட்டேன் என்று விட்டாள். மூத்தவள் இருக்கிற பக்கத்தைவிட்டு இன்னும் தள்ளிப் போக மாட்டேன் என்று அழுது, பாம்பனிலேயே குடியேறினோம். என்னைக் கடற்கரைக்காரி ஆக்கியது அந்த அழுகைதான்.

தனுஷ்கோடி முனைப் பக்கம் வேலைக்குப் போனால் என் கைபேசி அக்கரைச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு, இலங்கை உங்களை வரவேற்கிறது என்று செய்தி காட்டும். கூட வருகிற ஆட்கள் சிரிப்பார்கள். நான் அந்தச் செய்திகளில் ஒன்றைக்கூட அழித்ததில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அக்காவின் மகள். அவளைத் தலைமன்னாரில் ஒரு மீன்பிடிகாரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மருமகன் அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிறவர். அவருக்கென்று ஒரு படகைக் கட்டி எடுத்துக்கொண்டு, தாங்களும் அங்கேயே போய்க் குடியேறிவிடுவது என்று அத்தான் முடிவு செய்திருந்தார். அத்தான் மாரிமுத்து தண்ணீர் டாங்கி செய்கிறவர். பைபரில் எதையும் செய்வார். படகையும் செய்துவிட்டார். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடும் வாடகைக்குச் சொல்லி வைத்தாயிற்று. காற்று மாறுவதற்குள் போய்ச் சேராவிட்டால் வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மிச்சம் இருந்தது படகை இழுக்க ஒரு வண்டி மட்டும்தான்.

“பவானி வந்து பாத்துச் சொல்லட்டும். அவ சரின்னு சொன்னாத்தான் வாங்குவேன்” என்று போனில் சொன்னார் அத்தான்.

தலைமன்னாருக்கும் எங்கள் முனைக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர்தான். அக்கா அங்கே வந்தாலும் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் நான் விமானம்தான் ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நான் கால் நனைக்கிற தண்ணீரில் அவளும் கால் நனைப்பாள். அதுவே போதும் என்று இருந்தது எனக்கு. அவ்வளவு ஆசையோடு வண்டி பார்க்கப் போனவள் உலகத்தில் இருக்க மாட்டாள்.

போகும்போது சும்மா போகலாமா? நல்ல சீலாக் கருவாடாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் பையைச் சுற்றி இன்னொரு பை, அதைச் சுற்றி ஒரு பழைய சேலை. அப்படியும் கண்டி பஸ் ஸ்டாண்டில் அக்கா என்னைக் கண்டுபிடித்தது வாசனையில்தான் என்றாள்.

அவள் தலை முழுக்க நரைத்திருந்தது. அம்மா செத்ததற்கு அவள் பாம்பனுக்கு வந்தாள், அதன் பிறகு இப்போதுதான் அவளை நேரில் பார்க்கிறேன். கைபேசியில் தினமும் பார்த்த முகம்தான். ஆனால் கைபேசியில் ஆளின் உயரம் தெரிவதில்லை. அக்கா என்னைவிடக் குட்டையாகிவிட்டாள். கட்டிக்கொண்டபோது அவள் தலை என் தோளில் முட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அழுகைய வீட்டுல வச்சுக்குவோம். பஸ் போயிரும், வா” என்றாள்.

கெலிஓயா பஸ்ஸில் கண்டக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். “கடலுக்கும் ஒரு டிக்கட் எடுக்கணுமாம்” என்றாள். எங்கள் ஊராக இருந்தால் நான் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பேன். பாஷை தெரியாத இடத்தில் வாயாடியாக இருப்பது பெரிய கஷ்டம்.

வீடு சரிவில் இருக்கிறது. முற்றத்தில் கறுப்பு டாங்கிகள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே, பலாமரத்துக்குக் கீழே, நீலத் தார்ப்பாயை மூடிக்கொண்டு டிரெயிலரின் மேல் படகு. சுற்றிலும் மலை. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் காட்டுவார்கள். அந்த இடத்தில் வெள்ளையும் பச்சையுமாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு, எங்கள் பாம்பன் வள்ளம் ஒன்று நின்றது. நான் அனுப்பிய படங்களைப் பார்த்தே கட்டியிருந்தார் அத்தான். மழை பெரிதாக வந்தால் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்கிறார்களாம். படகு அழகாக இருந்தது. நான் அதன் வயிற்றில் தட்டிப் பார்த்தேன். சுவரைத் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. கெட்டியான வேலை என்று சொன்னேன். அத்தான் வெட்கப்பட்டார்.

அன்று என் மரியாதைக்கு அக்கா வைத்த குழம்பு டின் மீன். பாம்பன்காரிக்கு டின் மீன்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் தேங்காய்ச் சம்பலும், சுடச்சுட சிவப்பரிசிச் சோறும், நிறைய வெங்காயம் போட்டு அவள் வதக்கிய அந்த டின் மீனும் சேர்ந்தபோது, தட்டை வழித்துத்தான் எழுந்தேன். என் கருவாட்டை அவள் சமைக்கவே இல்லை. முகர்ந்து பார்த்துவிட்டு அலுமாரிக்கு மேலே வைத்தாள். “அங்க போய் இதயே தினம் தினம் சாப்புடப் போறோம். இப்ப எதுக்கு அவசரம்?” என்றாள்.

அலுமாரி காலியாக இருந்தது. சேலைகள் எல்லாம் மூட்டையாகக் கட்டி ஓரத்தில் இருந்தன. அவள் முந்திய வாரமே கட்டிவிட்டாளாம்.

மறுநாள் மடவளைக்குப் போனோம். அங்கே நிசாம் நானா என்று ஒருவர் பழைய வண்டிகள் வாங்கி விற்கிறார். நானா என்றால் அங்கே முஸ்லிம்களுக்கு அண்ணன். அத்தானிடம் டாங்கி வாங்கிப் பழக்கம். கண்டியில் பஸ் மாறி, கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, வளைந்து வளைந்து போகிற பாதையில் டிரைவர் ஒரு கையால் ஓட்டினார், மறுகையால் ரேடியோவைத் திருகினார். எங்கள் ஊரில் பாதை என்றால் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும். வளைவு என்றால் பாம்பன் பாலத்தின் முகப்பு ஒன்றுதான் எனக்குத் தெரியும். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடியே போனேன். பக்கத்தில் அக்கா நன்றாகத் தூங்கினாள்.

“வாங்கோ மாரி, வாங்கோ. இவங்களா இந்தியா தங்கச்சி? இரிங்கோ, மொதல்ல டீ குடிங்கோ” என்று நிசாம் நானா கதிரைகளை இழுத்துப் போட்டார். டீயோடு வட்டிலப்பம் வந்தது. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்து நாக்கில் நிற்காமல் இறங்கியது. வியாபாரம் பேசுமுன் வாயை இனிப்பால் அடைக்கிற தந்திரம் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் இந்த மனிதர் அப்படிப்பட்டவர் இல்லை என்று பிறகு தெரிந்தது.

இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று பழைய ஜீப். தோட்டத்தில் ஓடியது. பெயிண்ட் உரிந்து, ஏறினால் கதவு முனகும். நான் கீழே படுத்துப் பார்த்தேன். சேசிஸ் ரயில் தண்டவாளம் போல் இருந்தது. கொக்கி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கனமான வண்டி, நல்ல பிரேக். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

“அது விக்கிறத்துக்கில்ல தங்கச்சி. ஒரு ஆளுக்கு வார்த்த குடுத்தீக்கு” என்றார் நானா. “இந்த டபுள் கேப்பப் பாருங்கோ. எஞ்சின் புதுசு மாதிரி ஈக்கு. இழுவைக்கு ஒரு கொறயும் சொல்ல ஏலாது.”

இரண்டு வரிசைச் சீட்டும் பின்னால் திறந்த தொட்டியுமாக அந்த டபுள் கேப் பளபளவென்று இருந்தது. பார்க்க மாப்பிள்ளை மாதிரி. எஞ்சின் வலு, நாலு சக்கரமும் இழுக்கும், லோ கியர் உண்டு. ஆனால் உடம்பு லேசு. என் தொழிலில் உள்ள விதி ஒன்றுதான்: இழுக்கிற வண்டி இழுபடுகிற பாரத்தைவிட நன்றாகக் கனத்திருக்க வேண்டும். வலு மட்டும் இருந்தால் வண்டி இழுக்கும், நிறுத்தாது.

“படகு என்ன பாரம் வரும்?” என்று நானா கேட்டார்.

எங்கள் கரையில் படகின் எடையைக் கிலோவில் சொல்ல மாட்டோம். ஆளில் சொல்லுவோம். ஆறு ஆள் வள்ளம், எட்டு ஆள் வள்ளம். இறக்கவும் ஏற்றவும் எத்தனை பேர் தோள் கொடுக்க வேண்டுமோ அதுதான் எடை. பிறந்த படகு எதுவும் எங்கள் ஊரில் தோள் படாமல் தண்ணீரைப் பார்த்ததில்லை. அத்தானின் படகை மனக்கண்ணில் நீளம் அகலம் பார்த்து, “எட்டு ஆள் படகு” என்றேன். அந்தப் பாரத்துக்கு டபுள் கேப் தாராளமாகப் போதும். அத்தானின் முகம் மலர்ந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாங்குமுன் படகைக் கட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள் என்று வண்டியைக் கொடுத்தனுப்பியது நிசாம் நானாதான். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

அடுத்த நாள் காலையில் படகைக் கட்டினோம். கொக்கி பார்த்தேன், சங்கிலி போட்டேன், பின்விளக்கு எரிகிறதா பார்த்தேன். டிரெயிலரின் மூக்கில் கொஞ்சம் பாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடும் என்று மணல்மூட்டையை முன்னால் வைத்தேன். முற்றத்திலிருந்து ரோட்டுக்குச் செங்குத்தான ஏற்றம். டபுள் கேப் ஒரு உறுமல் உறுமிவிட்டு ஏறிப் போய்விட்டது. அக்கம்பக்கத்தார் கை தட்டினார்கள். கலகெதரப் பக்கம் இருக்கிற பெரிய இறக்கத்தில் இறங்கிப் பார்த்துவிட்டால், மன்னார் வரைக்கும் அப்புறம் சமதரைதான் என்றார் அத்தான்.

என் லைசென்ஸ் அங்கே செல்லாது. அத்தான் ஓட்டினார். அக்கா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். “நான்தானே இதுல போகப் போறேன், குலுங்குதா இல்லையான்னு பாக்கணும்” என்றாள். நான் பின்னால் ஓர் ஆட்டோவில் தொடர்ந்தேன். பின்னாலிருந்து பார்த்தால்தான் டிரெயிலரின் குணம் தெரியும்.

வழியெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். மலைப்பாதையில் படகு போவதை யார் பார்த்திருக்கிறார்கள்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ஒரு பஸ் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தி வழிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் ஊரில் படகு போனால் நாய்கூடத் தலை தூக்காது.

இறக்கம் தொடங்கியது. முதல் வளைவு சரியாகப் போனது. இரண்டாவதில் டிரெயிலரின் பின்புறம் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பியது. அடுத்த நேர்ப்பாதையில் மறுபடியும் ஆடியது, முன்னைவிட அதிகமாக. வண்டி படகை இழுக்கவில்லை. படகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது. அத்தானின் பிரேக் விளக்கு அணையவே இல்லை. ரப்பர் கருகுகிற நாற்றம் ஆட்டோவுக்குள் வந்தது. அந்த நேரத்தில் அக்கா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். எனக்கு டாட்டா காட்டினாள். தன் பின்னால் என்ன ஆடுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வளையல் போட்ட அந்தக் கை சந்தோஷமாக ஆடியது. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

ஒரு பழக்கடைக்கு முன்னால், மண்மேட்டில் ஒரு சக்கரத்தை ஏற்றி, அத்தான் எப்படியோ நிறுத்தினார். சக்கரங்களிலிருந்து புகை வந்தது. பழக்கடை அம்மா ஒரு வாளி தண்ணீரோடு வந்தார். சூட்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று நான் கையால் தடுத்தேன். அவர் புரிந்துகொண்டு அந்தத் தண்ணீரை எங்களுக்குக் குடிக்கக் கொடுத்தார். பிறகு படகை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். “கடல் இந்தப் பக்கம் இல்லையே, யார் வழி சொன்னது?” என்று கேட்கிறார் என்றாள் அக்கா. அவள் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அத்தான் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

“அத்தான், இந்தப் படக எத்தன பேரு தூக்கி டிரெயிலர்ல வச்சீங்க?” என்று கேட்டேன்.

“தூக்கவே இல்லையே. டிரெயிலர் மேலயே பலகைச் சட்டம் போட்டு, அதுலயேதானே கட்டினேன். இங்க தூக்குறதுக்கு ஆளுக்கு எங்க போறது?”

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. இந்தப் படகை இதுவரைக்கும் ஒரு தோளும் தொடவில்லை. இது எத்தனை ஆள் படகு என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

வண்டி ஆறிய பிறகு ஊர்ந்து ஊர்ந்து கீழே இறங்கி, அடிவாரத்தில் மரம் அறுத்து விற்கிற ஒரு மரக்காலையின் எடைமேடையில் ஏற்றினோம். மரக்காலைக்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஏற்றச் சொன்னார். மறுபடியும் அதே எண். படகும் டிரெயிலருமாகச் சேர்ந்து கிட்டத்தட்ட டபுள் கேப்பின் கனம் வந்தது. எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி எதுவும் இன்னும் ஏற்றவில்லை.

“எத்தன அடுக்கு பைபர் போட்டீங்க?”

அத்தான் தலையைச் சொறிந்தார். “ஒரு அடுக்குப் போட்டா பத்தாதுன்னு தோணும். இன்னொண்ணு போடுவேன். தண்ணி டாங்கி ஒழுகினா ஆளு வந்து ஏசுவான், பவானி. கடல்ல ஒழுகினா ஏசுறதுக்கு ஆளு வராது.”

மருமகன்மேல் இருந்த அக்கறையை எல்லாம் அடுக்கடுக்காக ஒட்டி வைத்திருந்தார். டாங்கிக்காரர் கட்டிய படகு அது. நூறு வருஷம் ஒழுகாது. அதைக் கடலுக்குக் கொண்டுபோகத்தான் வழியில்லை.

மரக்காலை வாசலில் நின்று பேசினோம். “ஒரு தடவதானே எறங்கணும்” என்றார் அத்தான். “மெதுவாப் போனா போயிரும். கீழ போயிட்டா அப்பறம் அங்க எல்லாம் சமதரதானே.”

“மணல் இருக்கு அத்தான். கரையில இவ்வளவு பாரத்த லேசான வண்டி இழுத்தா, வண்டிதான் தண்ணிக்குள்ள போகும்.”

லொறியில் ஏற்றிக்கொண்டு போகலாம். போய்? அங்கே காற்றுக்குக் காற்று கரை மாற்ற வேண்டும். தினமும் டிராக்டரை வாடகைக்குப் பிடித்தால் மீன் டிராக்டர்காரருக்குத்தான். லொறிக்கும் கொடுத்து வண்டியும் வாங்க அவர்களிடம் வசதியில்லை. எல்லாம் அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கிளம்பிவிடுவார். ஓட்டத் தெரிந்த மனிதர். ஒரே ஒரு தடவை. அநேகமாக ஒன்றும் ஆகாது. அந்த “அநேகமாக” என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அவர்கள் இறங்கிவிட்டால் அக்கா கடலுக்கு வந்துவிடுவாள்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ சொல்றதுதான்” என்றாள்.

நான் ஜன்னலில் ஆடிய கையை நினைத்தேன்.

“இந்த வண்டி வேணாம்” என்றேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரி, அடுத்த காத்துக்குப் பாப்போம்” என்றாள். அம்மா உயிரோடு இருந்தபோது, எப்போது வருவாய் என்று கேட்டால் அக்கா அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம் என்பாள். அதற்கு முன்பு சண்டை ஓயட்டும் பார்ப்போம் என்பாள்.

திரும்பும்போது அதே வண்டி அதே படகை அதே மலையில் ஒரு குறையும் இல்லாமல் இழுத்து ஏற்றியது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மேலே போவதற்கு மட்டும் எல்லா வண்டியும் தயாராக இருக்கிறது.

அன்று மாலை அக்கா மகளுக்குப் போன் செய்து, வாடகைக்குச் சொல்லி வைத்த வீட்டை விட்டுவிடச் சொன்னாள். மகள் அந்தப் பக்கம் அழுவது எனக்கே கேட்டது. படகு பின்னால் வரட்டும், நீங்கள் முன்னால் வாருங்கள் அம்மா என்று கெஞ்சினாள். நானும் அதையே சொன்னேன்.

“படகோட போனா குடித்தனம். படகில்லாமப் போனா நாங்க விருந்தாளி” என்றாள் அக்கா. “மக வீட்டுல எத்தன நாளைக்கு விருந்தாளியா இருக்குறது? ஒங்க அத்தான் சும்மா கதிரையில குந்திக்கிட்டு இருக்குற ஆளா?” பிறகு மூட்டைகளை அவிழ்த்துச் சேலைகளை ஒவ்வொன்றாக அலுமாரியில் அடுக்கினாள். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று கையை அசைத்தாள்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நிசாம் நானா கோபித்துக்கொள்ளவில்லை. “பாரமான வண்டி வந்தா நானே சொல்லி அனுப்புறேன். இன்ஷா அல்லாஹ், படகு எங்கயும் ஓடாது” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஓடாததுதானே எங்கள் துக்கம்.

ஒரு மத்தியானம் கண்டி ஏரியைச் சுற்றி நானும் அக்காவும் நடந்தோம். தண்ணீரில் பெரிய பெரிய மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு வந்தன. பிடிக்க ஆளில்லாத மீன். அவை சாவகாசமாகத் திரிவதைப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது என்றேன். அக்கா சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“அங்க வந்திருந்தா மட்டும் தினமும் பாத்துக்கவா போறோம்?”

“இல்ல.”

“பொறகு எதுக்குடி எனக்கு இப்புடி இருக்கு?”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தோம்.

கிளம்புகிற அன்று காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அக்காவைக் காணோம். அடுப்படியில் இல்லை, கிணற்றடியில் இல்லை. முற்றத்தில் தார்ப்பாய் விலகியிருந்தது. அவள் படகுக்குள் உட்கார்ந்திருந்தாள். ஏற வசதியாகப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டிருந்தாள்.

“இத்தன நாள் இதுல ஒரு தடவகூட நான் ஏறல” என்றாள். “தண்ணியில எறக்கின பொறகு ஏறலாம்னு இருந்தேன். வா, நீயும் ஏறு.”

ஏறினேன். குறுக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எங்கள் ஊர்ப் படகில் இரண்டு பேர் ஏறினால் கொஞ்சமாவது அசையும். இது கல்மாதிரி நின்றது. பலா இலைகள் உள்ளே விழுந்து கிடந்தன. எதிரே மலை, மலைக்கு மேலே பனி.

“ஒன் வீடு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

எனக்கு அங்கே திசை பிடிபடவில்லை. வெயில் வந்த பக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு, வடமேற்காகக் கையைக் காட்டினேன். படகின் மூக்கு வேறு பக்கம் பார்த்தது. நாங்கள் இருவரும் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தோம். அங்கே பக்கத்து வீட்டுச் சுவரும், அதற்கு மேலே கமுகு மரங்களும் தெரிந்தன. அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். அவள் இந்த முறை பஸ் போய்விடும் என்று சொல்லவில்லை.

அத்தான் பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்து இரண்டு கோப்பைகளையும் எங்களுக்கு எட்டிக் கொடுத்தார். படகில் இரண்டு பேர் இருப்பதைப் பார்த்தார், முற்றத்தின் சரிவைப் பார்த்தார். பிறகு வேலியோரம் போய் ஒரு கல்லைத் தூக்கி வந்து, டிரெயிலர் சக்கரத்துக்கு அடியில் வைத்து, காலால் நன்றாக உள்ளே தள்ளினார்.